ஸ்பானியர் துறை சொன்ன சேதி

பாறைக் கடற்கரையில் நொறுங்கிய ஒரு கப்பலையும், 379 ஆண்டுகள் கழித்து அதைத் தேடி முக்குளித்த ஒரு மனிதரையும் பற்றிய உண்மை வரலாறு

சிறியதொரு பொன் மோதிரம். அதில் ஒரு கை. கையில் ஓர் இதயம். பக்கத்தில் ஸ்பானிய மொழியில் ஒரே ஒரு வரி. "உனக்குத் தர என்னிடம் இதற்கு மேல் ஒன்றுமில்லை" என்பது அதன் பொருள்.

எவ்வளவு அன்பிருந்தால் இப்படி எழுதிக் கொடுக்கத் தோன்றும்! கொடுத்தவர் கரையில் நின்றுவிட்டார். வாங்கி அணிந்தவர் கப்பலேறிப் போனார். போனவர் திரும்பவில்லை. 1588ஆம் ஆண்டு அயர்லாந்தின் வடகரையில் அந்தக் கப்பல் பாறையில் மோதிச் சிதறியது. மோதிரம் கடலடியில் ஒரு பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது. ஏறத்தாழ 380 ஆண்டுகள் கழித்து முக்குளித்துத் தேடியவர்களின் கைக்கு அது வந்து சேர்ந்தது.

அந்தக் கப்பலின் பெயர் ஜிரோனா. அதைத் தேடிக் கண்டவர் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த ரோபர்ட் ஸ்டெனுவி. பொன்னும் மணியும் அகப்பட்ட கதையாகவே இதைப் பலர் சொல்வார்கள். பொன் அகப்பட்டது மெய்தான். ஆனால் நாம் மனத்தில் இருத்த வேண்டியது வேறொன்று. அரசாங்கக் கடிதங்கள் காட்டிய இடத்தில் அந்தக் கப்பல் இல்லை. மீன் பிடித்தும் ஆடு மேய்த்தும் பிழைத்த எளிய மக்கள் வாய்வழியாகக் காத்துவந்த ஓர் இடப்பெயர்தான் சரியான வழியைக் காட்டியது. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

நங்கூரத்தை அறுத்துக்கொண்டு ஓடிய படை

16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் ஒரு பெரிய வல்லரசு. அதன் மன்னர் இரண்டாம் பிலிப். இங்கிலாந்தை ஆண்டவர் முதலாம் எலிசபெத் அரசியார். சமயத்தாலும் வணிகத்தாலும் இரண்டு நாடுகளுக்கும் பகை முற்றியது. இங்கிலாந்தின்மீது படையெடுப்பதற்காக 1588ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 130 கப்பல்கள் லிஸ்பன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. வரலாற்றில் ஸ்பானிய அர்மாடா என்று பெயர் பெற்ற கப்பற்படை இதுதான்.

ஆகஸ்டு மாதம் பிரான்சு நாட்டின் கலே துறைமுகத்துக்கு வெளியே இந்தப் படை நங்கூரமிட்டிருந்தது. ஓர் இரவு ஆங்கிலேயர் எட்டுக் கப்பல்களுக்குத் தீ வைத்துக் காற்றின் போக்கில் ஏவிவிட்டார்கள். எரிகிற கப்பல்கள் தங்களை நோக்கி மிதந்து வருவதைக் கண்டதும் ஸ்பானியருக்குக் கதி கலங்கிவிட்டது. நங்கூரத்தை மேலே தூக்க ஏது நேரம்? பல கப்பல்களில் நங்கூர வடத்தை வெட்டிவிட்டு ஓடினார்கள். நங்கூரங்கள் கடலடியில் தங்கிவிட்டன.

மறுநாள் கடும் சண்டை நடந்தது. அதன்பின் காற்று வடக்கே தள்ளிக்கொண்டு போனதால் வந்த வழியே திரும்ப முடியவில்லை. ஸ்காட்லாந்தின் தலைமாட்டைச் சுற்றி, அயர்லாந்தின் மேற்குப் பக்கமாக இறங்கி ஊர் போய்ச் சேர்வதென்று முடிவு செய்தார்கள். அந்தக் கடல் அவர்களுக்குப் பழக்கமில்லாதது. குடிநீர் குறைந்தது, உணவு கெட்டது, நோய் பரவியது. புயலில் அகப்பட்டுக் கரையோரம் ஒதுங்கிய கப்பல்களில் பலவற்றுக்கு, இருந்த இடத்தில் நிலைத்து நிற்கப் போதிய நங்கூரம் இல்லை. கலேயில் அறுத்துவிட்ட நங்கூரத்தின் அருமை அயர்லாந்துக் கரையில்தான் தெரிந்தது. அந்தக் கரையில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட கப்பல்கள் அழிந்தன.

மூன்றாவது கப்பலில் ஏறியவர்

அந்தப் படையில் டோன் அலோன்சோ டி லெய்வா என்றொரு தளபதி இருந்தார். மன்னருக்கு மிகவும் வேண்டியவர். படைத் தலைவர் இறந்துபோனால் அடுத்த தலைவர் இவரே என்று மன்னர் இரகசியமாக ஆணை எழுதி வைத்திருந்தார். அதனால் பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இவரோடு போவதையே பெருமையாக எண்ணிக் கப்பலேறினார்கள்.

டி லெய்வா வந்த கப்பல் அயர்லாந்தின் மேற்குக் கரையில் தரை தட்டியது. இனி அது மிதக்காது என்று தெரிந்ததும் அதற்குத் தீ வைத்துவிட்டு, தம் ஆட்களோடு அந்தப் பக்கம் வந்திருந்த இன்னொரு கப்பலுக்கு மாறினார். அந்தக் கப்பலும் டொனகால் பகுதியில் கரையில் மோதியது. அப்போது அவருக்குக் காலில் பலத்த காயம். நடக்க முடியாத தளபதியைச் சுமந்துகொண்டே அவருடைய ஆட்கள் மலை தாண்டிக் கில்லிபெக்ஸ் துறைக்குப் போனார்கள். அங்கேதான் மூன்றாவது கப்பலான ஜிரோனா பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது.

ஜிரோனா பாயும் துடுப்பும் இரண்டும் உடைய போர்க்கப்பல்; நேப்பிள்ஸ் நகரிலிருந்து வந்தது. மாலுமிகளையும் படைவீரர்களையும் தவிர 200க்கு மேற்பட்டவர்கள் அதில் துடுப்புப் போட்டார்கள். இப்போது மூன்று கப்பல்களின் ஆட்கள் ஒரே கப்பலில் நெருக்கியடித்து ஏறினார்கள். மொத்தம் 1,300 பேர் என்று அக்காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன. நின்றால் உட்கார இடமில்லை. உட்கார்ந்தால் படுக்க இடமில்லை. அக்டோபர் 26ஆம் நாள் ஸ்காட்லாந்தை நோக்கிப் புறப்பட்டார்கள். அது போரில் சேராத நாடு. அங்கே போய்ச் சேர்ந்தால் உயிர் பிழைக்கலாம் என்பது நம்பிக்கை.

முக்கால் வழிக்கு மேல் வந்துவிட்டார்கள். அப்போது புயல் எழுந்தது. பழுது பார்த்திருந்த சுக்கான் உடைந்துவிட்டது. சுக்கான் இல்லாத கப்பல் கடிவாளம் அறுந்த குதிரை அல்லவா? இருட்டில் காற்றும் அலையுமாகச் சேர்ந்து அதைக் கரைக்குத் தள்ளின. லக்காடா என்ற கூர்முனைப் பாறையில் ஜிரோனா மோதிப் பிளந்தது. பிழைத்தவர் ஐந்து பேர் என்கிறது ஒரு குறிப்பு. ஒன்பது பேர் என்கிறது மற்றொன்று. டி லெய்வா பிழைக்கவில்லை.

அது எப்படிப்பட்ட கரை?

படத்தில் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும் இடம் அது. கரையோரம் நெடுக ஏறத்தாழ 300 அடி உயரத்துக்குச் செங்குத்தான கரும்பாறை. பக்கத்தில்தான் உலகப் புகழ்பெற்ற ஜயண்ட்ஸ் காஸ்வே இருக்கிறது. ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளிருந்து பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு ஆறி இறுகியபோது, வெயிலில் சேறு வெடிப்பதுபோல வெடித்து, அறுகோணத் தூண்களாகப் பிரிந்துவிட்டது. தச்சர் இழைத்து அடுக்கி வைத்ததுபோல் ஏறத்தாழ 40,000 கல்தூண்கள் அங்கே நிற்கின்றன. 1986ஆம் ஆண்டு யுனெஸ்கோ அமைப்பு அதை உலக மரபுச் செல்வமாக அறிவித்தது.

கண்ணுக்கு அழகு, கப்பலுக்கு எமன். மணற்கரையில் ஒரு கப்பல் தரை தட்டினால் ஏறி நடந்து தப்பலாம். இங்கே விழுந்தவருக்குப் பிடித்து ஏற ஒரு பிடிப்பும் கிடையாது.

அந்தப் பகுதியை ஆண்டவர் சோர்லி பாய் மெக்டோனல் என்ற குறுநிலத் தலைவர். கரையில் ஒதுங்கியவர்களை ஸ்காட்லாந்துக்கு அனுப்பி வைத்தவர் அவரே. கப்பலின் பீரங்கிகளும் பிற பொருள்களும் அவர் கைக்கு வந்தன. டன்லூஸ் என்ற அவருடைய கோட்டையின் பழுது பார்க்கும் செலவுக்கு அவை உதவின. ஆங்கிலேய அதிகாரிகளோ தங்கள் கடிதத்தில், 260 பிணங்கள் கரை ஒதுங்கின, சில மதுப் பீப்பாய்களும் ஒதுங்கின என்று எழுதி முடித்துவிட்டார்கள். 1,300 பேரின் முடிவு அந்தக் கடிதத்தில் இரண்டு வரிதான்.

ஏடு ஒன்று சொன்னது, ஊர் ஒன்று சொன்னது

ரோபர்ட் ஸ்டெனுவி 1933ஆம் ஆண்டு பிறந்தவர். இளம் வயதில் புதையல் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு, ஸ்பெயினின் வீகோ வளைகுடாவில் பழங்கப்பல்களைத் தேடி முக்குளிக்கப் போனவர். அங்கே செல்வம் கிடைக்கவில்லை. ஆனால் கடல் பழகியது. 1962ஆம் ஆண்டு மத்தியதரைக் கடலில் 200 அடி ஆழத்தில், ஓர் உலோக உருளைக்குள் ஒரு நாளுக்கு மேல் தங்கிக் காட்டியவர் அவர். கடலடியில் அப்படி நாள் முழுதும் வாழ்ந்த முதல் மனிதர் என்ற பெருமை அவருக்கு உண்டு.

அப்படிப்பட்டவர் ஜிரோனாவைத் தேடக் கிளம்பியபோது உடனே கடலில் குதிக்கவில்லை. நூலகத்தில் போய் உட்கார்ந்தார். பல நாட்டு ஏடுகளையும் பழைய கடிதங்களையும் நூற்றுக்கணக்கான மணி நேரம் புரட்டினார். ஆங்கிலேயரின் அரசாங்கக் கடிதங்களில் ஒன்று, கப்பல் டன்லூஸ் கோட்டைக்கு எதிரே அழிந்தது என்றது. இன்னொன்று, புஷ் என்ற ஆறு கடலில் விழும் முகத்துவாரத்துப் பாறையில் மோதியது என்றது. பின்னால் வந்தவர்களும் அதையே நம்பினார்கள்.

ஸ்டெனுவி அந்தப் பகுதியின் நிலப்படத்தை எடுத்து விரித்தார். முகத்துவாரத்துக்குக் கிழக்கே சில மைல் தள்ளி, லக்காடா முனைக்குப் பக்கத்தில் ஒரு சிறு குடா. அதன் பெயர் 'போர்ட் நா ஸ்பானியா'. ஐரிஷ் மொழியில் ஸ்பானியர் துறை என்று பொருள். அதையொட்டி 'ஸ்பானியர் பாறை'. அங்கேயே 'ஸ்பானியர் குகை'. ஒரே இடத்தில் மூன்று பெயர்கள்! ஒரு ஸ்பானியரும் குடியிருக்காத அந்த ஆளில்லாக் கரைக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

ஊராரிடம் ஒரு கதையும் உண்டு. பாறை உச்சியில் புகைபோக்கிகள்போல் நிற்கும் தூண்களைக் கோட்டை என்று எண்ணி, போகிற வழியில் ஸ்பானியர் பீரங்கியால் சுட்டார்களாம். அது கதையாகவே இருக்கட்டும். ஆனால் கதை எந்த இடத்தைச் சுட்டுகிறது என்று பாருங்கள்.

ஸ்டெனுவி எண்ணிப் பார்த்தார். கடிதம் எழுதிய அதிகாரிகள் தொலைவில் இருந்தவர்கள்; ஒற்றர் சொன்னதைக் கேட்டு எழுதியவர்கள். பெயர் வைத்தவர்களோ கரையில் ஒதுங்கிய பிணங்களைக் கண்ணால் பார்த்தவர்கள். யார் சொல்வதை நம்புவது? அவர் ஊராரை நம்பினார்.

நமக்கும் இது புதிதன்று. நம் தோட்டங்களில் கம்பெனிப் பலகையில் ஒரு பெயர் இருக்கும். நம் மக்கள் வாயில் வேறொரு பெயர் இருக்கும். ஆற்றுக்கு ஒரு பெயர், மேட்டுக்கு ஒரு பெயர், பழைய லயத்துக்கு ஒரு பெயர். அந்தப் பெயர்களில் பலவற்றை எந்த நிலப்படத்திலும் காண முடியாது. ஆனாலும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் நடந்த கதை ஒன்று இருக்கிறது.

ஈயப் பாளமும் வெண்கலப் பீரங்கியும்

1967ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள். ஸ்டெனுவியும் அவருடைய நண்பரான புகைப்படக்காரர் மார்க் ஜசின்ஸ்கியும் ஸ்பானியர் துறைக்கு வந்தார்கள். கடல் அமைதியாக இல்லை. ஸ்டெனுவி நீரில் இறங்கினார். அடியில் கடற்பாசி காடுபோல் மண்டி, அலைக்கு அலை இப்படியும் அப்படியும் சாய்ந்துகொண்டிருந்தது. பெரும்பாறைகளுக்கு நடுவே ஊர்ந்து போனார்.

முதலில் கண்ணில் பட்டது ஓர் ஈயப் பாளம். துப்பாக்கிக் குண்டு வார்ப்பதற்காகக் கொண்டு போன ஈயம். அதைப் புரட்டிப் பார்த்தார். மேலே ஐந்து சிலுவைக் குறிகள். அவருக்குப் புரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனதும் வெண்கலப் பீரங்கி ஒன்று கிடந்தது. அதில் ஸ்பானிய மன்னரின் சின்னம். பாறை இடுக்குகளில் காசுகளும் தென்பட்டன. ஏட்டில் தேடியவர்களுக்கு அகப்படாத கப்பல், ஊர்ப்பெயர் காட்டிய இடத்திலேயே கிடந்தது!

வேறொருவராக இருந்தால் ஊரைக் கூட்டி ஆர்ப்பரித்திருப்பார். ஸ்டெனுவி வாயைத் திறக்கவில்லை. செய்தி பரவினால் கண்டவரெல்லாம் வந்து கிளறிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். முறையான ஏற்பாட்டோடு 1968ஆம் ஆண்டிலும் 1969ஆம் ஆண்டிலும் ஒரு குழுவை அழைத்து வந்து வேலையைத் தொடங்கினார்.

தண்ணீருக்கு அடியில் என்ன வேலை?

நம்மில் பலருக்கு முத்துக்குளிப்புப் பற்றித் தெரியும். மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போய், மூச்சு முட்டுவதற்குள் மேலே வருவது. பழங்கப்பல் தேடுகிறவர்கள் முதுகில் காற்றுக் கலத்தைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று அதில் இருக்கிறது. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் வேலை செய்ய முடிவது இதனால்தான்.

ஆனால் ஓர் ஆபத்து உண்டு. 33 அடி ஆழத்தில் காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு விருட்டென்று மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்துவிடும். ஆகவே இந்தத் தொழிலில் முதல் பாடமே, கலத்தோடு முக்குளிக்கும்போது மூச்சை அடக்காதே என்பதுதான். முத்துக்குளிப்பவருக்கு உயிர் காப்பது இவருக்கு உயிர் குடிப்பது!

அடுத்தது குளிர். வடகடலின் நீர் கோடையிலும் பல்லைக் கிட்ட வைக்கும். அதற்காக நுரைபோன்ற இரப்பர் உடையை உடலோடு ஒட்ட அணிகிறார்கள். நாம் வெட்டுகிற மரத்துப் பால் அன்று; ஆலையில் செய்த செயற்கை இரப்பர். உடைக்கும் தோலுக்கும் நடுவே புகுந்த கொஞ்சம் தண்ணீர் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடுகிறது; நுரைபோன்ற அந்த உடையே போர்வைபோல் காக்கிறது.

படத்தில் வருவதுபோல் முழுக் கப்பல் ஒன்று பாயோடும் மரத்தோடும் கடலடியில் நிற்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பாறைக் கரையில் அது நடக்காது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அலை அடித்து மரத்தைத் தூளாக்கிவிட்டது. எஞ்சியதைக் கடற்புழு தின்றுவிட்டது. இரும்பு துருப்பிடித்துக் கரைந்து, சுற்றியிருந்த மணலையும் கூழாங்கல்லையும் காசையும் சேர்த்து, சிமெண்டு போட்டதுபோல் ஒரே கட்டியாக இறுகிவிட்டது. வெள்ளி கறுத்துப் போனது. பொன் மட்டும் போட்டது போட்டபடி பளபளத்துக் கிடந்தது.

அந்தக் கட்டிகளைச் சுத்தியலும் கடப்பாரையுமாகப் பெயர்க்க வேண்டும். பெரும்பாறைகளை நகர்த்த வேண்டும். பைகளைக் கட்டி அவற்றில் காற்றை நிரப்பினால் பாறை இலேசாகிக் கிளம்பும். இடுக்கில் சேர்ந்த மண்ணைக் கையால் விசிறி விலக்கித் துழாவ வேண்டும். எது எங்கே கிடைத்தது என்று அளந்து படத்தில் குறிக்கவும் வேண்டும். அலை வந்தால் ஆளையே தூக்கிப் பாறையில் அறையும். மூன்று கோடைக்காலங்களில் அந்தக் குழுவினர் ஆயிரக்கணக்கான மணி நேரம் நீருக்கடியில் உழைத்தார்கள்.

கடல் திருப்பிக் கொடுத்தவை

400க்கு மேற்பட்ட பொற்காசுகள், 700க்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகள், செப்புக்காசுகள். கழுத்தில் அணியும் பொற்சங்கிலிகள். பழங்காலப் பேரரசர்களின் முகம் செதுக்கிய நீலக்கற்கள் பதித்த பதக்கங்கள். முதுகில் சிவப்புக்கல் பதித்த ஒரு சிறு பொற்பல்லி. சலமாந்தர் என்னும் அந்தப் பிராணியைத் தீ சுடாது என்று அக்காலத்து ஐரோப்பியர் நம்பினார்கள். மரக்கப்பலில் போகிறவனுக்குத் தீயைவிடப் பெரிய அச்சம் ஏது? அதனால் யாரோ ஒருவர் தாயத்துப்போல் அதை அணிந்து வந்திருக்கிறார். தீ அவரைத் தொடவில்லை, தண்ணீர் விடவில்லை.

பல் குத்தவும் காது குடையவும் ஒரு பொன் கருவிகூடக் கிடைத்தது. மீன் வடிவில் செய்தது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் போருக்குப் போகும்போதும் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள் பாருங்கள்!

இன்னொரு மோதிரத்தில் 'மதாம் டி ஷாம்பனே' என்ற பெயரும் 1524 என்ற ஆண்டும் இருந்தன. ஸ்டெனுவி மறுபடியும் ஏடுகளுக்குத் திரும்பினார். அந்த அம்மையார் பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி என்றும், அவருடைய பேரன் ழான் தோமா பெரனோ என்ற இளைஞன் இந்தக் கப்பலில் மாண்டவன் என்றும் கண்டுபிடித்தார். பாட்டியின் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு போன பேரன்! மால்டா வீரர் அணியும் பொற்சிலுவை ஒன்று, கப்பல் தலைவர் பாப்ரிசியோ ஸ்பினோலாவுடையது என்று தெரிந்தது. பொருள் பேசியது, பெயர் வெளிவந்தது. 380 ஆண்டுகளாக 1,300 என்ற எண்ணுக்குள் அமுங்கிக் கிடந்தவர்களில் சிலர் மறுபடியும் ஆளானார்கள்.

"துடுப்புப் போட்டவங்க பேரு என்ன சார்?"

இந்த வரலாற்றை நான் என் பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பையன்கள் பொன் எத்தனை பவுன் இருக்கும் என்று கேட்டார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை எழுந்து, "துடுப்புப் போட்டவங்க பேரு என்ன சார்?" என்று கேட்டாள். அவள் அம்மா பால் வெட்டுகிறவர்.

அந்தக் கேள்விக்கு உள்ள பதிலை அவளுக்குச் சொன்னேன். அக்காலத்து நேப்பிள்ஸ் துடுப்புக் கப்பல்களில் வேலை செய்தவர்கள் கைதிகள், அடிமைகள், கடனைத் தீர்க்கவோ வயிற்றுப் பாட்டுக்கோ தங்களையே ஒப்புக்கொடுத்தவர்கள். கைதிகளையும் அடிமைகளையும் இருக்கையோடு சங்கிலியால் பிணைப்பது வழக்கம். அர்மாடாவின் கணக்கேட்டில் பிரபுக்களுக்குப் பெயர் இருக்கிறது. துடுப்புப் போட்டவர்கள் இத்தனை பேர் என்று ஓர் எண் இருக்கிறது. அவ்வளவுதான். அவர்களிடம் பெயர் பொறித்த மோதிரம் இல்லை. பாட்டி கொடுத்த பொன்னும் இல்லை. அதனால் எந்த முக்குளிப்பவராலும் அவர்களை அடையாளம் காட்ட முடியவில்லை. கப்பலைக் கையால் நகர்த்தியவர்கள் அவர்களே. சுவடில்லாமல் போனவர்களும் அவர்களே.

அவள் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் அன்றைக்கு மனம் அமைதியாகவில்லை. நம் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் கணக்கில் எண்ணாக வந்து இறங்கியவர்கள்தாமே! பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டார்கள் என்பது மெய். அந்தக் கணக்குப் புத்தகங்களில் இன்று எத்தனை மிஞ்சியிருக்கின்றன?

எடுத்தவனுக்கே சொந்தமா?

கடலில் கிடந்ததை எடுத்தால் எடுத்தவனுக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பிரிட்டனில் உடைந்த கப்பலிலிருந்து எதை எடுத்தாலும் அதற்கென்று உள்ள அரசாங்க அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். ஜிரோனாவின் பொருள்கள் ஏலத்தில் பிரிந்து போகாமல், 1972ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரின் அல்ஸ்டர் அரும்பொருளகத்துக்கு வந்து சேர்ந்தன. தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் போய்ப் பார்க்கலாம். பழங்கப்பல்கள் கிடக்கும் இடங்களைக் காக்க 1973ஆம் ஆண்டு பிரிட்டனில் தனிச் சட்டம் வந்தது. லக்காடா முனையை 1993ஆம் ஆண்டு அந்தச் சட்டத்தின்கீழ்க் கொண்டு வந்தார்கள்.

எல்லாக் கப்பலுக்கும் இந்த நல்ல காலம் வாய்க்கவில்லை. தொலைவில் போக வேண்டாம். சிங்கப்பூருக்குத் தென்கிழக்கே பிந்தான் தீவுப் பக்கத்துக் கடலில், சீனாவிலிருந்து பீங்கானும் தேயிலையும் ஏற்றிப் போன கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பல் 1752ஆம் ஆண்டு பவளப்பாறையில் மோதி மூழ்கியது. 1985ஆம் ஆண்டு அதிலிருந்து ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பீங்கான் பொருள்களை எடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாம் நகரில் அவை ஏலம் போயின; உலகின் மூலைக்கு ஒன்றாகப் பிரிந்தன. விலைக்கு நல்ல விலைதான். ஆனால் எந்தத் தட்டு எந்த மூட்டையில், யாருடைய பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதெல்லாம் போய்விட்டது. இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளைக் கண்ட பிறகுதான், கடலடிப் பழம்பொருளை வாணிபமாக்கக் கூடாது, முடிந்தால் கிடக்கும் இடத்திலேயே காக்க வேண்டும் என்று யுனெஸ்கோ அமைப்பு 2001ஆம் ஆண்டு ஓர் உடன்படிக்கையைக் கொண்டு வந்தது.

நாம் செய்யக்கூடியது

நாம் கடலில் இறங்கப் போவதில்லை. ஆனால் நம் வீட்டிலும் மூழ்கிக்கொண்டிருக்கும் கப்பல் உண்டு. தாத்தா பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கப்பலில் வந்தார்கள், முதலில் எந்தத் தோட்டத்தில் இறங்கினார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா? 'ரஜூலாவில் வந்தோம்' என்று சொன்ன தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டால் லயம் போகும், கோயில் இடம் மாறும், மேட்டின் பெயரும் ஆற்றின் பெயரும் மறந்து போகும்.

ஒரு பழைய பள்ளிப் புத்தகத்தின் வெற்றுப் பக்கம் போதும். வீட்டில் மூத்தவர் ஒருவரை உட்கார வைத்துக் கேளுங்கள். பெயரை எழுதுங்கள், ஊரை எழுதுங்கள், தோட்டத்துக்கு நம்மவர் வைத்த பெயரையும், ஏன் அப்படி வைத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர் சொல்லட்டும், பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதட்டும். ஐரிஷ் மீனவர்களிடம் மூன்று இடப்பெயர்கள்தாம் இருந்தன. அந்த மூன்றைச் சிந்தாமல் காத்ததால் ஒரு கப்பலே கிடைத்தது. நம்மிடம் அதைவிட அதிகம் இருக்கிறது. இந்த வாரக் கடைசியிலேயே கேட்கத் தொடங்குங்கள்.